வலைக்கு முன் ஒரு வலை – 9: யார் கணக்கில் எழுதுவது?

கணினிக்குக் கணினி செய்திகளையும் விவாதங்களையும் பரிமாறிய யூஸ்நெட் வலையைத் தொடங்கியவர்கள் போட்ட முதல் கணக்கே தப்பிப் போயிற்று. 1979-ன் கடைசியில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டம் தீட்ட, பக்கத்து ஊர் சேப்பல் ஹில்லில் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு செய்திகள் போகும் என்றுதான் அந்த மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். 1996 டிசம்பர் வாக்கில், எல்லாச் செய்திக்குழுக்களையும், அதாவது தலைப்புவாரி விவாத அரங்குகளையும், வாங்கிய ஒரு கணினி நிலையத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை கிகாபைட் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் கிடையாது, உறுப்பினர் பட்டியல் கிடையாது, சந்தா கிடையாது என்று அதன் பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் செய்தி இன்னொரு கணினியிலிருந்து வந்தாக வேண்டும். அந்த வரத்துக்குத்தான் ஃபீட் என்று பெயர். ஃபீட் கிடைக்க மறுமுனையில் ஒருவர் சம்மதிக்க வேண்டும். இடையிலுள்ள கம்பிக்கு யாராவது பணம் கட்ட வேண்டும். யூஸ்நெட் வரலாற்றை நிரல்களின் வரலாறாக எழுதுவது வழக்கம். பணம் கட்டியவர்களின் வரலாறாகப் படித்தால் அது ஏன் வளர்ந்தது, ஏன் தேய்ந்தது என்ற இரண்டும் ஒரே இடத்தில் விளங்கும்.

ராத்திரி வேளைத் தொலைபேசி

முதல் பத்தாண்டில் பெரும்பாலான நிலையங்களுக்கிடையே நிரந்தர இணைப்பு எதுவும் இல்லை. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய யு.யு.சி.பி. என்ற நிரல்தான் வண்டி. ஒரு கணினி மோடம் வழியாக இன்னொரு கணினியைத் தொலைபேசியில் அழைக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகும். சேர்த்து வைத்திருந்த கோப்புகளைக் கொடுத்து, தனக்கு உரியவற்றை வாங்கிக்கொண்டு வைத்துவிடும். யாரை, எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பது ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் தொலைதூரக் கட்டணம் ராத்திரியில் குறைவு என்பதால் நேரம் என்ற இடத்தில் பெரும்பாலும் இரவுதான் இருக்கும்.

ஆரம்ப கால மோடத்தின் வேகம் 300 பாட். நொடிக்கு 30 எழுத்து. மூவாயிரம் எழுத்துள்ள ஒரு கட்டுரை போய்ச்சேர நூறு நொடி ஆகும். ஒரு மணி நேரத்தில் நூற்றுச் சொச்சம் கிலோபைட்தான் போகும். ஆகவே கட்டுரைகளை மூட்டையாகக் கட்டி, சுருக்கி அனுப்பும் பழக்கம் சீக்கிரமே வந்தது. அப்படியும் மாதக் கடைசியில் தொலைபேசிக் கட்டணச் சீட்டு வந்தது. அதைக் கட்டவும் யாரோ இருந்தார்கள்.

அந்த யாரோவில் முதல் இடம் பெல் ஆய்வகத்துக்கு. சிகாகோவுக்கு அருகே இந்தியன் ஹில் வளாகத்திலிருந்த ஐ.எச்.என்.பி.4 என்ற கணினி நாடெங்கும் உள்ள நிலையங்களோடு பேசியது. தொலைபேசி நிறுவனத்தின் சொந்த ஆய்வகம் என்பதால் அங்கே நெடுந்தொலைவு அழைப்பைப் பற்றிக் கேள்வி கேட்க ஆள் குறைவு. அடுத்தது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்வாக்ஸ். அட்லாண்டிக்கைத் தாண்டி ஆம்ஸ்டர்டாமிலிருந்த எம்.சி.வாக்ஸ் என்ற கணினிக்குச் செய்தி போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆஸ்திரேலியாவுக்குச் சில காலம் காந்த நாடாவில் பதிந்து விமானத் தபாலில் அனுப்பினார்கள்.

இதில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது: இன்று ஃபீட் வாங்குகிறவர் நாளை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊர் மொய் போலத்தான். பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் வாங்கியவர் வாங்கியதை மறந்துவிடவும் முடியாது. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே கொடுத்தவருக்கே திருப்பிச் செய்வதில்லை, அடுத்து வருகிறவருக்குச் செய்ய வேண்டும். புது நிலையம் ஒன்று வலையில் சேர்ந்தால் அது பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் கொடுக்கத் தொடங்கும். யூஸ்நெட் பரவியது இப்படித்தான்.

செலவு கிழித்த எல்லைக்கோடு

1980-களின் நடுவில் செய்தியின் அளவு பெருகியது. பெரிய நிலையங்களின் நிர்வாகிகள் தங்களுக்குள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். முதுகெலும்பு நிலையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். பெரும்பாலான குழுக்கள் அதுவரை நெட் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று எளிதில் பிரிக்க வழி இல்லை. வெட்டி விவாதங்களுக்காக அட்லாண்டிக் கடந்து கட்டணம் செலுத்த ஐரோப்பியர்கள் தயாராக இல்லை.

இதன் விளைவுதான் 1986-87-ல் நடந்த மாபெரும் பெயர் மாற்றம். கணினிக்கு காம்ப், அறிவியலுக்கு சை, பொழுதுபோக்குக்கு ரெக், சமூகத்துக்கு சாக் என்று ஏழு பெருங்கிளைகள் உண்டாயின. அவற்றில் டாக் என்ற கிளையில் முடிவில்லாத வாக்குவாதங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பணம் கட்டுகிறவர் ஒரே வரியில் அந்தக் கிளையை வெட்டிவிடலாம். நூலக முறை வகைப்பாடு போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தது தொலைபேசிக் கட்டணம்.

இந்த ஏற்பாட்டை ஏற்காத மூவர், பிரயன் ரீட், ஜான் கில்மோர், கார்டன் மாஃபெட், 1987-ல் ஆல்ட் என்ற தனிக் கிளையை உண்டாக்கினார்கள். முதுகெலும்பு நிலையங்களைக் கேட்காமலே தங்களுக்குள் ஒருவருக்கொருவர் ஃபீட் கொடுத்துக்கொண்டார்கள். சம்மதமும் கம்பியும் இருந்தால் போதும், வேறு எவர் அனுமதியும் வேண்டாம் என்பதை அவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

ரிக் ஆடம்ஸ் போட்ட கடை

வர்ஜீனியாவில் நிலநடுக்க ஆய்வு மையம் ஒன்று இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளின் அதிர்வைக் கண்டறிவது அதன் வேலை. அதன் கணினியான சீஸ்மோ, யூஸ்நெட்டின் பெரும் சந்திப்புகளில் ஒன்றாகிவிட்டது. காரணம் அதன் நிர்வாகி ரிக் ஆடம்ஸ். செய்தி நிரலின் பிற்காலப் பதிப்புகளைப் பராமரித்தவரும் அவரே. அதிர்வைக் கணக்கிட ஒதுக்கிய கணினி, ஊரார் செய்தியைச் சுமப்பது எத்தனை நாள் நடக்கும்?

ஆடம்ஸ் ஒரு யோசனையோடு யூனிக்ஸ் பயனர் சங்கமான யூஸ்னிக்ஸிடம் போனார். செய்தியையும் மின்னஞ்சலையும் சுமப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பொது நிலையம்; வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். சங்கம் முதலீட்டுக்கு உதவியது. 1987-ல் யு.யு.நெட் பிறந்தது. லாப நோக்கில்லாத சேவையாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் வணிக நிறுவனமாகி, 1995 மே மாதம் பங்குச் சந்தைக்கும் வந்தது. இன்று இணையச் சேவை நிறுவனம் என்று நாம் சொல்லும் வகையின் மூத்த பிள்ளைகளில் அதுவும் ஒன்று. அது விற்ற முதல் சரக்கில் யூஸ்நெட் ஃபீட் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள்.

மாற்றம் சிறியதாகத் தெரியும். இதுவரை ஃபீட் வேண்டுமென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இனிமேல் சந்தா கட்டினால் போதும். தயவு தேவையில்லை; கடனும் இல்லை. அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் அதோடு போயிற்று.

வாசல் எண் 119

இந்த நேரத்தில் கம்பியும் மாறிக்கொண்டிருந்தது. சான் டியேகோவில் பிரயன் கான்டரும் பெர்க்லியில் ஃபில் லாப்ஸ்லியும் எழுதிய என்.என்.டி.பி. நெறிமுறை, ஆர்.எஃப்.சி. 977 என்ற ஆவணமாக 1986 பிப்ரவரியில் வெளியானது. ராத்திரி மூட்டைக்குக் காத்திராமல், நிரந்தர இணைப்பில் கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் கைமாற்ற அது வழி செய்தது. இதற்கு ஒதுக்கப்பட்ட வாசல் (போர்ட்) எண் 119.

இரண்டு கணினிகள் அந்த வாசலில் நடத்தும் பேச்சு வெகு சுருக்கம். ஒவ்வொரு கட்டுரைக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளச் சரம் உண்டு. அனுப்புகிறவர் அந்தச் சரத்தைச் சொல்லி, ‘இது என்னிடம் இருக்கிறது’ என்பார். வாங்குகிறவர் தன் பதிவேட்டைப் பார்ப்பார். இல்லையென்றால் 335 என்று பதில்: அனுப்பு. ஏற்கெனவே வந்திருந்தால் 435: வேண்டாம். வந்து சேர்ந்ததும் 235. அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு காவலும் உண்டு. கட்டுரை எந்தெந்த நிலையம் வழியாக வந்தது என்ற பட்டியல் அதன் தலைப்பிலேயே இருக்கும். கடந்துவந்த நிலையங்கள் தத்தம் பெயரை முன்னால் ஒட்டியிருக்கும். பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அடுத்தவர் உங்களிடம் அதைக் கொண்டுவரவே மாட்டார். மையம் இல்லாத வலையில் ஒரே செய்தி சுற்றிச்சுற்றி வராமல் காத்தவை இந்த இரண்டும்தான்.

1992-ல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐ.என்.என். என்ற நிரல் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. முந்தைய முறைகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியே ஒரு செயலி கிளம்பும். ஐ.என்.என்.-இல் ஒரே செயலி நிரந்தரமாக ஓடி, உள்ளே வரும் எல்லா இணைப்புகளையும் கவனித்தது. கட்டுரை வந்த கணமே அதை அடுத்தவருக்கான வரிசையில் சேர்த்தது. 1990-களில் ஒரு கல்லூரியோ சிறு இணைய நிறுவனமோ தன் மேல்நிலைச் சேவையாளரிடம் ஃபீட் கேட்டபோது, பெரும்பாலும் இரு முனைகளிலும் இதுதான் இருந்தது.

அப்படிக் கேட்டவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? முதலில் ஒரு கேள்விக்குப் பதில்: எல்லாம் வேண்டுமா, கொஞ்சம் போதுமா? பதிலைச் சேவையாளரின் நிர்வாகி தன் நியூஸ்ஃபீட்ஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதுவார். நிலையத்தின் பெயர், வேண்டிய கிளைகள், ஆச்சரியக்குறி போட்டு விலக்கிய கிளைகள், அளவு வரம்பு. ஆல்ட் கிளையில் படங்களும் நிரல்களும் வரும் பைனரீஸ் பகுதியை விலக்கியவர்கள் பலர்.

வாங்குகிறவரும் தன் பக்கத்தில் ஒரு கோப்பில் சேவையாளரின் கணினிப் பெயரை எழுதியாக வேண்டும். எழுத மறந்தால் வேடிக்கை நடக்கும். ஐ.என்.என். அந்த இணைப்பைச் செய்தி கொண்டுவந்தவர் என்று எடுத்துக்கொள்ளாது. படிக்க வந்த வாசகர் என்று எண்ணி வாசகர் செயலியிடம் தள்ளிவிடும். அங்கே கொடுக்க வந்த கட்டுரைகளை வாங்க ஆள் இருக்காது. அதேபோல, நம் ஆட்கள் எழுதுவது வெளியே போக நம் நியூஸ்ஃபீட்ஸ் கோப்பில் அவர் பெயரும், அவர் அனுமதிப் பட்டியலில் நம் பெயரும் வேண்டும். ஆக நான்கு பதிவுகள். நான்கும் பொருந்தினால்தான் செய்தி இரு பக்கமும் ஓடும். பெயரில் ஒரு சிறு வேறுபாடு இருந்தாலும் நாம் அனுப்பிய கட்டுரையையே அவர் நம்மிடம் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார். பதிவேடு 435 சொல்லித் தடுக்கும். கம்பியில் இடம் மட்டும் வீணாகும்.

பிறகு குழுக்களின் பட்டியலை ஆக்டிவ் என்ற கோப்பில் ஏற்ற வேண்டும். எந்தக் கிளைக் கட்டுரையை எத்தனை நாள் வைத்திருந்து அழிப்பது என்று இன்னொரு கோப்பில் சொல்ல வேண்டும். அழித்த பிறகும் கட்டுரையின் அடையாளச் சரத்தை மேலும் சில நாள் நினைவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ தேங்கி நின்ற பழைய பிரதி மறுபடி புதுச் செய்தியாக வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டு சேவையாளர்களிடம் ஃபீட் வாங்கினால் இரட்டிப்பாக வராதா? வராது. எவர் முந்திச் சொல்கிறாரோ அவரிடமிருந்து ஒரே பிரதி. மற்றவருக்கு 435. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றது காப்பாற்றும் என்பதால் விவரமான நிர்வாகிகள் இரண்டு வைத்துக்கொண்டார்கள்.

கம்பியும் வட்டும்

தொலைபேசிக் கட்டணம் போய் மாதாந்தரக் கம்பி வாடகை வந்தது. செலவு முடிந்ததா? இடம் மாறியது. 56 கிலோபிட் வாடகைக் கம்பியை வேறெதற்கும் விடாமல் நாள் முழுக்க ஓட்டினாலும் சுமார் 600 மெகாபைட்தான் இறக்கலாம். 1996-ன் நாலரை கிகாபைட்டுக்கு அப்படி ஏழு கம்பிகளும் போதா. கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் பகுதி ஃபீடோடு நின்றுகொண்டது இதனால்தான்.

இந்தியாவில் இந்த நெருக்கடி இன்னும் கூர்மையாக இருந்தது. எர்நெட் கல்வி வலையின் வெளிநாட்டுத் தொடர்பு, பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திலிருந்து வர்ஜீனியாவிலுள்ள அதே யு.யு.நெட்டுக்குத்தான் போயிற்று. 1989 வாக்கில் அதன் வேகம் 9.6 கிலோபிட். நாள் முழுக்க ஓடினாலும் சுமார் நூறு மெகாபைட். சென்னை ஐ.ஐ.டி. உள்பட ஐந்து ஐ.ஐ.டி.-களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்திருந்த வலைக்கு அந்த ஒற்றைக் கம்பி. அதில் மின்னஞ்சலும் போக வேண்டும். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழுவில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிலையத்தில் அந்தக் குழு கிடைக்குமா என்பதையும் நியூஸ்ஃபீட்ஸ் கோப்பின் ஒரு வரியே முடிவு செய்தது.

வட்டிலும் தொல்லை. ஒவ்வொரு கட்டுரையும் தனிக் கோப்பு. லட்சக்கணக்கான சிறு கோப்புகள். யூனிக்ஸ் வட்டில் எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற எண்ணிக்கை வட்டைத் தயார் செய்யும்போதே நிர்ணயமாகிவிடும். அதைக் கவனிக்காதவர்களின் கணினி, வட்டில் பாதி இடம் காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்று கைவிரித்தது. 1997-ல் ஸ்காட் ஃப்ரிட்சி ஒரு மாற்று சொன்னார்: கோப்பே வேண்டாம், பெரிய சேமிப்புகளில் வரிசையாக எழுதிக்கொண்டே போ, நிறைந்ததும் தொடக்கத்திலிருந்து பழையதன் மேல் எழுது. அழிக்கும் வேலையே இல்லாமற் போயிற்று. செலவும் மூச்சு விட்டது, சில ஆண்டுகளுக்கு.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள்

1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர வழக்கறிஞர் தம்பதி லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும் அமெரிக்கக் குடியேற்றத்துக்கான பச்சை அட்டைக் குலுக்கல் பற்றிய தங்கள் விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் போட்டார்கள். ஒரே கட்டுரையைப் பல குழுக்களுக்குப் பொதுவாகப் போடும் வசதி யூஸ்நெட்டில் உண்டு. அப்படிப் போட்டால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பிரதிதான் சேரும். அவர்கள் குழுவுக்கொன்றாகத் தனித்தனியே போட்டார்கள். ஆகவே உலகின் ஒவ்வொரு முழு நிலையமும் அந்த விளம்பரத்தை ஆயிரக்கணக்கான முறை வாங்கி, ஆயிரக்கணக்கான இடத்தில் வைத்தது. விளம்பரதாரரின் செலவு சொற்பம். சுமந்தவர்கள் மொத்தச் செலவையும் ஏற்றார்கள்.

யாரென்று தெரிந்தவரிடம் ஃபீட் வாங்கிய காலத்தில் இப்படிச் செய்தவரின் கம்பி மறுநாளே அறுந்திருக்கும். சந்தா கட்டியவர் எழுதியதற்கு யாரிடம் போய்ச் சொல்வது? நிர்வாகிகள் ஒரு கடைசி ஆயுதத்தைக் கண்டுபிடித்தார்கள்: கண்டுகொள்ளாத சேவையாளரின் ஆட்கள் எழுதும் அத்தனையையும் ரத்து செய்வது. யூஸ்நெட் மரண தண்டனை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1997 ஆகஸ்டில் அந்தத் தண்டனைக்கு ஆளானது யு.யு.நெட். யூஸ்நெட்டைச் சுமக்கவே பிறந்த நிறுவனம், யூஸ்நெட்டாலேயே தள்ளி வைக்கப்பட்டது. விளம்பரக் குப்பையைத் தடுக்க அது நடவடிக்கை எடுத்ததும் சில நாட்களில் தண்டனை விலகியது.

அதற்குள் ஃபீடின் பெரும்பகுதி எழுத்தல்லாத கோப்புகளாகிவிட்டது. சந்தாதாரரில் சிலர் மட்டும் திறந்துபார்த்த சேவைக்காக ஒவ்வொரு இணைய நிறுவனமும் வட்டும் கம்பியும் வாங்கிக்கொண்டே இருந்தது. செய்தியைப் பெருநிறுவனங்களிடம் மொத்தமாக விட்டுவிடுவது லாபம் என்று முதலில் கண்டார்கள். விட்டுவிடுவதே லாபம் என்று பிறகு கண்டார்கள். 2005-ல் இணையச் சேவை நிறுவனமான ஏ.ஓ.எல். அதை நிறுத்தியது. 2008-ல் நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ கூமோ சிறுவர் ஆபாசப் படங்களுக்கு எதிராக எடுத்த நடவடிக்கையைத் தொடர்ந்து டைம் வார்னர் கேபிள் முழுவதையும், வெரைசன் ஆல்ட் கிளை முதலிய பெரும்பகுதியையும் கைவிட்டன. 2010 மே 20 அன்று ட்யூக் பல்கலைக்கழகமும் தன் செய்திக் கணினியை மூடியது. வாசகர் குறைவும் செலவும் அது சொன்ன காரணங்கள்.

ஃபீட் இனாமாகக் கிடைத்த காலத்தில், வாங்கியவர் எல்லோரும் சுமந்தார்கள். விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் சுமை நிறுவனங்களின் வரவுசெலவுப் புத்தகத்துக்குள் போயிற்று. புத்தகத்தில் ஏறிய எதையும் ஒரு நாள் ஒரு கணக்கர் கோடு போட்டு அடிக்கத்தான் செய்வார். யூஸ்நெட்டைத் தடையாலோ சட்டத்தாலோ முழுக்க மூட எவராலும் முடிந்ததில்லை. இன்றும் தனியார் சிலர் தங்களுக்குள் அதே நான்கு பதிவுகளை எழுதிச் செய்தி பரிமாறிக்கொள்கிறார்கள்.

கணக்கர் கையில் கோடு இருந்தால், காவல்துறை கையில் என்ன இருந்தது? 1995 டிசம்பரில் ஜெர்மனியின் பவேரியா மாநில அதிகாரிகளின் விசாரணை, கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனத்தைச் சுமார் 200 செய்திக்குழுக்களை நிறுத்த வைத்தது. ஜெர்மனிக்கு மட்டும் நிறுத்தும் வசதி அவர்களிடம் இல்லாததால் உலகமெங்குமுள்ள அதன் வாசகர்கள் அவற்றை இழந்தார்கள். அந்தக் கதை அடுத்த இதழில்.